டபிள்யூ.ஜி. கிரேஸ்: சம்பளம் வாங்காத ஆட்டக்காரர் எப்படி எல்லாரையும் விட அதிகமா சம்பாதிச்சாரு?

கேள்வி இதுதான்: "கிரேஸ் ஒரு அமெச்சூர்னு எல்லா இடத்துலயும் போட்டிருக்கு, அந்தக் காலத்துலயே கிரிக்கெட்ல அதிகமா காசு பாத்தவரும் அவர்தான்னு போட்டிருக்கு, இதுல எது நெசம்? டெஸ்ட் ஆவரேஜ் வெறும் 32 தானே, அப்புறம் எதுக்கு இவ்ளோ பில்டப்?"

ரெண்டுமே நெசம். குழப்பம் எங்க வருதுன்னா அமெச்சூர்ங்கற வார்த்தைல. இன்னிக்கு நாம அதை காசு வாங்காம ஆடறவர்னு படிக்கிறோம், 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துல அது காசு பத்தின வார்த்தையே இல்ல, நீ யார் வீட்டுப் பையன்ங்கறத பத்தின வார்த்தை. நல்ல குடும்பத்துல பொறந்து, வயித்துப் பொழப்புக்கு பந்து போடணும்ங்கற நிலைமை இல்லாதவன் ஜென்டில்மேன், கிரவுண்டுக்கு கூலிக்கு வர்ற சுரங்கத் தொழிலாளி, நெசவாளி வீட்டுப் பசங்க எல்லாம் பிளேயர். ஒரே டீம்ல ஆடுவாங்க, ஆனா டிரஸ்ஸிங் ரூம் வேற, கிரவுண்டுக்குள்ள வர்ற வாசல் வேற, ரயில்ல ஏறுற வகுப்பு வேற. ஸ்கோர்கார்டுல ஜென்டில்மேன் பேருக்கு முன்னாடி மிஸ்டர் போடுவாங்க, இனிஷியல் போடுவாங்க, பிளேயருக்கு மொட்டையா பேரு மட்டும். கேப்டன் பதவி கிட்டத்தட்ட எப்பவுமே ஜென்டில்மேனுக்குத்தான். இந்த மாதிரி ஏற்பாட்டை நமக்கு யாரும் பாடம் எடுத்து விளக்கத் தேவையில்ல. 1962 கடைசிலதான் இதை எடுத்தாங்கங்கறது மட்டும் ஞாபகம் வெச்சுக்கங்க.

இப்ப கிரேஸுக்கு வருவோம். வில்லியம் கில்பர்ட் கிரேஸ், பொறந்தது 1848 ஜூலை 18, பிரிஸ்டல் பக்கத்துல டவுனெண்ட்ங்கற ஊரு. அப்பா ஹென்றி மில்ஸ் கிரேஸ் ஒரு கிராமத்து டாக்டர், குதிரை மேல ஏறி ஊர் ஊரா போய் வைத்தியம் பாத்தவரு. ஒன்பது பிள்ளைங்கள்ல இவர் எட்டாவது. டாக்டர் வீடுதான், ஆனா பண்ணை நிலம், ஜமீன்னு எதுவும் கிடையாது, ஆக்ஸ்ஃபோர்டு கேம்பிரிட்ஜ் அனுப்பற வசதியும் இல்ல. அதாவது ஜென்டில்மேன் வரிசைல கடைசி பெஞ்சு. இது ரொம்ப முக்கியம், பின்னாடி நடந்ததுக்கெல்லாம் காரணம் இங்கதான் இருக்கு.

வீடு முழுக்க கிரிக்கெட் பைத்தியம். தோட்டத்துல ஆப்பிள் மரங்கள வெட்டி இடம் பண்ணி பிட்ச் போட்டிருக்காங்க. மாமா ஆல்ஃப்ரெட் போகாக்தான் கோச்சு. ஃபீல்டிங்குக்கு வீட்டு நாய்ங்க, டான், பான்டோ, நோபிள்னு மூணு, பந்து மரத்தைத் தாண்டிப் போனா ஓடிப்போய் கவ்விட்டு வரும். அம்மா மார்த்தா சும்மா வேடிக்கை பாக்குற ஆள் இல்ல, யாரு எப்படி ஆடினா, எந்த ஷாட் தப்புன்னு சொல்ற அளவுக்கு விஷயம் தெரிஞ்சவங்க. 1884 ஜூலைல கிரேஸ் ஆடின கவுண்டியான கிளஸ்டர்ஷயர் டீம் மான்செஸ்டர்ல லங்காஷயரோட ஆடிட்டு இருக்கும்போது அம்மா செத்துட்டாங்கன்னு தந்தி வருது, கிரேஸும் அண்ணன் ஈ.எம்.மும் கிளம்பணும், அந்த மேட்சையே அப்படியே பாதில நிறுத்திட்டாங்க. பொம்பளைங்களுக்கு மைதானத்துல எந்த இடமும் இல்லாத காலத்துல ஒரு அம்மாவுக்காக கவுண்டி மேட்ச் நின்னிருக்கு.

அண்ணன் ஈ.எம். கிரேஸ் முதல்ல பெரிய ஆளா இருந்தாரு, தம்பி ஃப்ரெட்டும் நல்லா ஆடுவாரு. ஆனா நடுவுல இருந்த இவருக்கு ஈடு யாருமே இல்ல. 14 வயசுல நிமோனியா வந்து பொழைக்கறதே கஷ்டம்னு இருந்து எழுந்தவரு, 16 முடியறதுக்குள்ள சவுத் வேல்ஸ் கிளப்புக்காக ஹோவ்ல 170ம் நாட் அவுட் 56ம் அடிக்கிறாரு. 1865ல ஃபர்ஸ்ட் கிளாஸ்ல, அதாவது பெரிய டீம்கள் ஆடற உயர்தர கிரிக்கெட்ல, வந்தாரு, முதல் மேட்ச்ல எல்லாரும் பாத்தது பேட்டிங் இல்ல, பவுலிங், 13 விக்கெட். அடுத்த வருஷம் ஓவல்ல சர்ரேக்கு எதிரா நாட் அவுட் 224, அப்பதான் 18 வயசு முடிஞ்சு ரெண்டு வாரம். இதுல வேடிக்கை என்னன்னா அந்த மேட்ச் நடக்கும்போதே கேப்டன் வி.இ. வாக்கர் கிட்ட பர்மிஷன் வாங்கிட்டு கிரிஸ்டல் பேலஸுக்குப் போய் 440 கஜ தடை ஓட்டத்துல ஓடி ஜெயிச்சிட்டு வந்தாரு. தொப்பையும் தாடியுமா நாம பாக்குற போட்டோ எல்லாம் 40 வயசுக்கு மேல எடுத்தது, வாலிபத்துல ஆள் ஒல்லியா ஆறடி ரெண்டு அங்குலம் இருந்த ஓட்டக்காரர்.

அவர் ஆடின பிட்ச் எப்படின்னு தெரிஞ்சாத்தான் ஸ்கோருக்கு மதிப்பு புரியும். 1870 ஜூன்ல லண்டன் லார்ட்ஸ் மைதானத்துல எம்.சி.சி. (அந்த கிரவுண்டோட சொந்தக்கார கிளப், கிரிக்கெட் சட்டம் போடறதும் அவங்கதான்) - நாட்டிங்காம்ஷயர் மேட்ச், கிரேஸும் அதுல ஆடினாரு. பிளாட்ஸ்னு ஒரு வேகப்பந்து வீச்சாளர் போட்ட பந்து பிட்ச்ல பட்டு எகிறி ஜார்ஜ் சம்மர்ஸ்ங்கற 25 வயசு பேட்ஸ்மேனோட தலைல அடிச்சது. தூக்கிட்டுப் போனாங்க, சில நாள்ல செத்துட்டாரு. அடுத்து உள்ள வந்த ரிச்சர்ட் டாஃப்ட் தலைல ஒரு துண்ட சுத்திக்கிட்டு பேட்டிங் பண்ண வந்தாரு, ஹெல்மெட்டுக்கு முப்பாட்டன்னு வேணா சொல்லிக்கலாம். உலகத்துல பெரிய கிரவுண்டுன்னு சொன்ன இடமே கல்லும் குழியுமா அந்த லட்சணத்துலதான் இருந்தது.

அந்த மாதிரி பிட்ச்லதான் 1871ல ஒரே சீசன்ல 2739 ரன், சராசரி 78.25, பத்து செஞ்சுரி. ஒருத்தர் 30 ரன் அடிச்சாலே கை தட்டின காலம். அதுக்கு முன்னாடி பேட்ஸ்மேன்கள் ஒண்ணு முன்னாடி காலை வெச்சு ஆடுவாங்க, இல்லன்னா பின்னாடி போய் ஆடுவாங்க, ஆளுக்கு ஒரு வித்தை. பந்தைப் பாத்து ரெண்டுல எது வேணுமோ அதை எடுத்து, நல்ல பந்தையும் விடாம ரன்னா மாத்தற பழக்கத்த கொண்டு வந்தவர் இவருதான். இன்னிக்கு கோச்சிங் சென்டர்ல பத்து வயசுப் பையனுக்கு சொல்லித் தர்ற அடிப்படை, அப்ப புதுசு.

1876 ஆகஸ்ட் பத்தி கொஞ்சம் விரிவா சொல்லியே ஆகணும். கேன்டர்பரில எம்.சி.சி.க்காக கென்டுக்கு எதிரா ஆடறாரு. கென்ட் 473, எம்.சி.சி. 144ல சுருண்டு ஃபாலோ ஆன், அதாவது உடனே மறுபடி பேட்டிங். தோத்த மேட்ச்தான், திங்கக்கிழமை ஊர்ல கிளஸ்டர்ஷயர் மேட்ச் வேற இருக்கு, சீக்கிரம் அடிச்சு அவுட் ஆயிட்டு ரயிலப் புடிச்சிரலாம்னுதான் நெனச்சாராம். விளாச ஆரம்பிச்சாரு, அவுட் ஆகல. அன்னிக்கு சாயங்காலமே செஞ்சுரி தாண்டி நாட் அவுட், சரி இனிமே எதுக்கு விடணும்னு மறுநாளும் ஆடி 344. ஃபர்ஸ்ட் கிளாஸ் கிரிக்கெட்ல முதல் டிரிபிள் செஞ்சுரி அதுதான், அதுக்கு முந்தின ரெக்கார்டு 1820ல வில்லியம் வார்டு அடிச்ச 278, 56 வருஷமா அசையாம இருந்தது. மேட்ச் டிரா. ராத்திரி ரயில் ஏறி வந்து திங்கக்கிழமை கிளிஃப்டன்ல நாட்டிங்காம்ஷயருக்கு எதிரா 177. அது முடிஞ்சதும் செல்டன்ஹாம்ல யார்க்ஷயரோட, ஓப்பனிங் எறங்கி கடைசி வரைக்கும் நின்னு நாட் அவுட் 318. எட்டு நாள்ல 839 ரன், ரெண்டே தடவைதான் அவுட். யார்க்ஷயர் பவுலர்ங்க சில பேரு இனிமே நான் போடமாட்டேன்னு முரண்டு பண்ணினதா சொல்வாங்க, நம்பலாம்.

சரி, காசு விஷயம்.

ஜென்டில்மேன் எல்லாம் ஒரு டீம், பிளேயர் எல்லாம் ஒரு டீம்னு வருஷா வருஷம் மேட்ச் நடக்கும், 1860கள்ல ஜென்டில்மேன் டீம் அதுல உதை வாங்கிட்டு இருந்தது. கிரேஸ் வந்ததும் அது தலைகீழாச்சு. இந்தப் பையன் காசுக்கு ஆடற பக்கம் போயிட்டா நம்ம கதை கந்தல்னு எம்.சி.சி.க்குத் தெரியும், 1869லயே உறுப்பினரா சேத்துக்கிட்டாங்க. இனிமே இவர் மிஸ்டர் கிரேஸ். ஆனா மிஸ்டர் கிரேஸுக்கு சொத்து இல்லையே, டாக்டர் படிப்பு வேற படிக்கணும், யார் காசு தர்றது? அங்கதான் 'செலவுப் படி'ங்கற மந்திரச் சொல் வருது. சம்பளம்னு வாங்கினாத்தான் பிளேயர், செலவுக்குன்னு வாங்கினா ஜென்டில்மேன். எவ்ளோ செலவுன்னு யார் கேக்கறது! யுனைடெட் சவுத் ஆஃப் இங்கிலாந்துன்னு ஒரு சுத்துற டீமை வேற நடத்தினாரு, ஊர் ஊரா போய் உள்ளூர் 22 பேருக்கு எதிரா ஆடறது, உள்ளூர்க்காரங்க தர்ற பணத்துல ஆளுங்களுக்குக் குடுத்தது போக மிச்சம் இவருக்கு.

1873-74 ஆஸ்திரேலியா டூர எடுத்துக்கங்க. டெஸ்ட் மேட்ச்னு ஒண்ணு இன்னும் வரல. மெல்போர்ன்காரங்க கூப்பிட்டாங்க, கிரேஸ் கேட்டது 1500 பவுண்ட், செலவு தனி. குடுத்தாங்க. அப்பதான் ஆக்னஸ் நிக்கல்ஸ் டேங்கறவங்கள கல்யாணம் பண்ணியிருந்தாரு, புதுப் பொண்டாட்டியையும் கூட்டிக்கிட்டு கப்பல்ல முதல் வகுப்பு, அதுவே தேன்நிலவு. கூட வந்த பிளேயர்களுக்கு தலைக்கு 170 பவுண்ட், கப்பல்ல ரெண்டாம் வகுப்பு. ஒரு கூலியாளோட வருஷ வருமானம் சுமாரா 50 பவுண்ட்னு வெச்சுப் பாருங்க, 1500ங்கறது என்ன தொகைன்னு புரியும். அங்க போயும் சும்மா இல்ல, அம்பயர் தீர்ப்புக்கு சண்டை, ஒப்பந்தத்துக்கு சண்டை, ஆஸ்திரேலியப் பத்திரிகைங்க கிழிச்சுத் தொங்க விட்டாங்க. நம்ம பழமொழிய கொஞ்சம் திருப்பிப் போட்டா, பிளேயர் காசு கேட்டா மண்குடம், மிஸ்டர் கேட்டா பொன்குடம்.

1878ல சத்தம் அதிகமாகி, எந்த ஜென்டில்மேனும் ஆட்டத்துல லாபம் பாக்கக்கூடாது, கைச்செலவுக்கு மேல வாங்கக்கூடாதுன்னு எம்.சி.சி. தீர்மானம் போட்டது. அடுத்த வருஷமே, 1879ல, அதே லார்ட்ஸ்ல வெச்சு நாடு முழுக்க வசூல் பண்ணின 1458 பவுண்டையும் ஒரு பளிங்குக் கடிகாரத்தையும் கிரேஸ் கைல குடுத்தாங்க. சம்பளம் இல்லையாம், மொய்! டாக்டரா தொழில் ஆரம்பிக்கறதுக்கு உதவியாம். 1868ல பிரிஸ்டல்ல மெடிக்கல் சேர்ந்தவரு 1879லதான் பாஸ் ஆனாரு, பதினோரு வருஷம், நடுவுல எல்லா கோடையும் கிரிக்கெட். அப்புறம் பிரிஸ்டல்ல ஏழைங்க இருக்கிற ஸ்டேபிள்டன் ரோட்டுல கிளினிக் போட்டாரு, கோடை காலத்துல பதில் டாக்டர் வெச்சுக்க கிளஸ்டர்ஷயர் கிளப் காசு குடுத்தது.

டாக்டர் பட்டம் பேருக்குத்தான்னு நெனச்சிராதீங்க, இந்த இடத்துல நியாயமா ஒண்ணு சொல்லணும். 1887ல மான்செஸ்டர் ஓல்ட் டிராஃபோர்டுல ஏ.சி.எம். க்ரூம்னு கூட ஆடற பையன் பந்தைத் துரத்திட்டு ஓடி பவுண்டரி கம்பி வேலில மோதினான், கூரான கம்பி முனை கழுத்துல குத்திருச்சு. தையல் போட ஊசி வர்ற வரைக்கும் சுமார் அரை மணி நேரம் கிரேஸ் அந்தக் காயத்தோட ரெண்டு ஓரத்தையும் விரலால சேத்துப் புடிச்சுக்கிட்டு அசையாம உக்காந்திருந்தாரு. விரல் நழுவியிருந்தா ஆள் அங்கயே முடிஞ்சிருப்பான். நாள் முழுக்க பந்து போட்டு வலிச்ச கையி அது. க்ரூம் பொழச்சு, பின்னாடி கிரிக்கெட் எழுத்தாளர் ஆனாரு. ஏழை நோயாளிங்க கிட்ட பில்லு அனுப்பவே மறந்துருவாருன்னும் பேரு.

கிரவுண்டுக்குள்ள வந்தா வேற ஆளு. ஜெயிக்கறதுக்கு சட்டம் எதுவரைக்கும் விடுதோ அதுவரைக்கும் போவாரு, சில சமயம் அதுக்கு மேலயும். 1878 ஜூன் 20ல நடந்தது சினிமா மாதிரி. பில்லி மிட்விண்டர்னு ஒருத்தர், பொறந்தது கிளஸ்டர்ஷயர், வளர்ந்தது ஆஸ்திரேலியா, ரெண்டு பக்கமும் ஆட ஒத்துக்கிட்டாரு. அன்னிக்கு லார்ட்ஸ்ல ஆஸ்திரேலியா டீமோட பேட்டிங்குக்கு ரெடியாகிட்டு இருக்காரு, தேம்ஸ் ஆத்துக்கு அந்தப் பக்கம் ஓவல்ல கிரேஸுக்கு ஒரு ஆள் குறையுது. கிரேஸும் விக்கெட் கீப்பர் புஷ்ஷும் குதிரை வண்டில வந்து எறங்கினாங்க, பேசினாங்க, மிட்விண்டர வண்டில ஏத்திக்கிட்டு கிளம்பிட்டாங்க. ஆஸ்திரேலியாக்காரங்க பின்னாடியே இன்னொரு வண்டில துரத்தி ஓவல் வாசல்ல நடுரோட்டுல வாய்ச்சண்டை. மிட்விண்டர் அன்னிக்கு கிளஸ்டர்ஷயருக்குத்தான் ஆடினாரு, கிரேஸ் பின்னாடி மன்னிப்புக் கடிதம் எழுதினாரு.

1882 ஓவல் டெஸ்ட் இன்னும் பெருசு. ஆஸ்திரேலியாவோட இளம் பேட்ஸ்மேன் சாமி ஜோன்ஸ் ஒரு ரன் முடிச்சு, அந்தப் பந்தோட ஆட்டம் முடிஞ்சதா நெனச்சு கிரீஸ விட்டு வெளிய வந்து பிட்ச தட்டிவிடப் போனாரு. கிரேஸ் கைல பந்து, பெயில்ஸ தட்டி அப்பீல் பண்ணினாரு, அவுட். சட்டப்படி சரிதான். ஆனா ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் ஸ்போஃபோர்த் கொதிச்சுப் போயிட்டாரு. இங்கிலாந்துக்கு வேண்டியது வெறும் 85 ரன், ஸ்போஃபோர்த் 44 ரன்னுக்கு 7 விக்கெட், இங்கிலாந்து 77 ஆல் அவுட், 7 ரன்ல தோல்வி. இங்கிலாந்துல அதிகமா அடிச்சது கிரேஸ்தான், 32. இங்கிலாந்து கிரிக்கெட் செத்துருச்சு, சாம்பல ஆஸ்திரேலியாவுக்கு எடுத்துட்டுப் போறாங்கன்னு ஒரு பத்திரிகை கிண்டலா எழவு செய்தி போட்டது, இங்கிலாந்து - ஆஸ்திரேலியா டெஸ்ட் தொடருக்கு ஆஷஸ்ங்கற பேரு அதுலேர்ந்துதான். என் கணக்குல ஆஷஸுக்கு பிள்ளையார் சுழி போட்டது அந்த ரன் அவுட்டுதான்.

டெஸ்ட் ஆவரேஜ் 32னு கேட்டீங்கல்ல. மொத்தம் 22 டெஸ்ட், 1098 ரன், சராசரி 32.29, எல்லாமே ஆஸ்திரேலியாவுக்கு எதிரா. இங்கிலாந்துல முதல் டெஸ்ட் நடந்ததே 1880 செப்டம்பர்லதான், அப்ப இவருக்கு வயசு 32. அதாவது 1871, 1876னு மேல சொன்ன உச்சம் எல்லாம் முடிஞ்ச பிறகு ஆரம்பிச்ச கணக்கு, 50 வயசு வரைக்கும் ஓடின கணக்கு. அந்த முதல் டெஸ்ட்லயே 152 அடிச்சாரு, இங்கிலாந்துக்கு முதல் டெஸ்ட் செஞ்சுரி அதுதான். அதுல அண்ணன் ஈ.எம்., இவரு, தம்பி ஃப்ரெட் மூணு பேரும் ஆடினாங்க. ஃப்ரெட் ரெண்டு இன்னிங்ஸ்லயும் டக், ஆனா பானர்ங்கற ஆஸ்திரேலிய ராட்சசன் வானத்துக்கு அடிச்ச பந்தை பவுண்டரி பக்கம் நின்னு புடிச்சாரு, பந்து கீழ வர்றதுக்குள்ள பேட்ஸ்மேன்கள் மூணாவது ரன்னுக்குத் திரும்பிட்டாங்கன்னு சொல்வாங்க. ரெண்டு வாரம் கழிச்சு அதே ஃப்ரெட் நிமோனியால செத்துட்டாரு, 29 வயசு.

ஃபர்ஸ்ட் கிளாஸ் மொத்தக் கணக்கு 54,896 ரன், 126 செஞ்சுரி, 2876 விக்கெட்னு பழைய புத்தகங்கள்ல இருக்கும், சில மேட்ச்ச கழிச்சு 54,211, 124, 2809னும் இருக்கும். ரெண்டையும் பாத்து குழம்பாதீங்க, எந்த மேட்ச்ச ஃபர்ஸ்ட் கிளாஸ்னு எடுத்துக்கறதுங்கற பஞ்சாயத்துதான்.

1891-92ல மறுபடி ஆஸ்திரேலியா டூர், ஷெஃபீல்டு பிரபு தன் சொந்தக் காசுல கூட்டிட்டுப் போனாரு. கிரேஸ் ரேட்டு இப்ப 3000 பவுண்ட், அதுபோக செலவு, பதில் டாக்டர் சம்பளம். பிரபுவுக்கு டூர்ல நஷ்டம், இருந்தும் போகும்போது ஆஸ்திரேலியா கிரிக்கெட்டுக்கு 150 பவுண்ட் நன்கொடை குடுத்துட்டுப் போனாரு, அதுல வந்ததுதான் ஷெஃபீல்டு ஷீல்டு, ஆஸ்திரேலிய மாநில டீம்கள் மோதற கோப்பை.

1895ல எல்லாரும் ஆளு முடிஞ்சாருன்னு நெனச்சப்ப, 46 வயசுல, 100 கிலோவுக்கு மேல வெயிட்டோட, மே 9லேர்ந்து மே 30க்குள்ள ஆயிரம் ரன். மே மாசத்துலயே ஆயிரம்னு முதல்ல அடிச்சவர் இவருதான். அதுக்கு நடுவுல பிரிஸ்டல்ல சாமர்செட்டுக்கு எதிரா 288, அது நூறாவது செஞ்சுரி, அதுவரைக்கும் உலகத்துல யாருமே தொடாத நம்பர். தொண்ணூத்தி சொச்சத்துல அவருக்கே கை நடுங்கிச்சாம், எதிரணி சாம் வுட்ஸ் பாவம் பாத்து ஒரு ஃபுல் டாஸ் போட்டாரு, ஷாம்பெயின் கிரவுண்டுக்குள்ளயே வந்தது. அடுத்து கிரேவ்ஸெண்டுல கென்டோட 257ம் நாட் அவுட் 73ம், அந்த மேட்ச்ல போட்ட ஒவ்வொரு பந்துக்கும் ஆள் கிரவுண்டுக்குள்ள இருந்திருக்காரு. உடனே மறுபடி மொய். டெய்லி டெலிகிராஃப் பத்திரிகை ஆளுக்கு ஒரு ஷில்லிங்னு வசூல் ஆரம்பிச்சது, எம்.சி.சி., கிளஸ்டர்ஷயர் வசூலும் சேர்த்து 9073 பவுண்ட். ஒத்த ஷில்லிங் குடுத்தவங்கள்ல பாதிப் பேரு வாரக் கூலிக்காரங்களா இருந்திருப்பாங்கங்கறது என் ஊகம், ஆனா யாரும் முகம் சுளிக்கல, சந்தோஷமாத்தான் குடுத்தாங்க.

பல்லிளிச்சது அடுத்த வருஷம். 1896 ஓவல் டெஸ்ட். பிளேயருக்கு டெஸ்ட் கூலி 10 பவுண்ட். லோமன், கன், ரிச்சர்ட்சன், ஆபெல், ஹேவர்டுனு அஞ்சு பேரு சேந்து 20 குடுங்க, இல்லன்னா ஆடலன்னுட்டாங்க. கூட்டம் வர்றது அவங்களைப் பாக்கவும்தானே? பத்திரிகைங்க உடனே பேச்ச அமெச்சூர்ங்க வாங்கற படி பக்கம் திருப்பிட்டாங்க, ஸ்டோடார்ட்ங்கற அமெச்சூர் அந்த மேட்ச்ச விட்டே ஒதுங்கிட்டாரு. சர்ரே கிளப் வெளிப்படையா அறிக்கை விட வேண்டியதாப் போச்சு, ஓவல்ல கிரேஸுக்கு செலவுக்குன்னு மேட்ச்சுக்கு 10 பவுண்ட்தான் தர்றோம், வேற ஒண்ணும் இல்லன்னு. மூணு பேரு எறங்கி வந்து ஆடினாங்க, லோமனும் கன்னும் வரல. லோமன் டெஸ்ட் வரலாற்றுலயே மிகச் சிறந்த பவுலிங் சராசரி உள்ள ஆளு, அதுக்கப்புறம் இங்கிலாந்துக்கு ஆடவே இல்ல. கிரேஸ் கேட்டா மொய், லோமன் கேட்டா ஸ்ட்ரைக்.

அதே சீரிஸ்ல கிரேஸ் கேப்டன்சிலதான் ரஞ்சித்சிங்ஜி மான்செஸ்டர்ல முதல் டெஸ்ட் ஆடி 62ம் நாட் அவுட் 154ம் அடிச்சாரு, அவரும் அமெச்சூர் கணக்குதான், கடன் தலைக்கு மேல இருந்த அமெச்சூர்.

1898 ஜூலை 18, அம்பதாவது பொறந்தநாள், லார்ட்ஸ்ல ஜென்டில்மேன் - பிளேயர்ஸ் மேட்ச்ச அதுக்குன்னே அன்னிக்கு வெச்சாங்க. கடைசி நாள் கை அடிபட்டு கால் நொண்டிக்கிட்டு பின்னாடி எறங்கினாரு. கடைசி விக்கெட்டுக்கு கூட நின்னது கார்ட்ரைட்டுனு எசெக்ஸ் வேகப்பந்து வீச்சாளர், சில நாளுக்கு முன்னாடிதான் கவுண்டி மேட்ச்ல ரெண்டு பேரும் மூஞ்சில முழிக்காத அளவுக்கு சண்டை. அன்னிக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல சேர்ந்து நின்னாங்க, ஆட்டம் முடிய சில நிமிஷம் இருக்கும்போது கார்ட்ரைட் கேட்ச் குடுத்தாரு. ரெண்டு பேரும் கை கோத்துக்கிட்டு பெவிலியனுக்கு நடந்து வந்தாங்க.

1899 ரொம்ப மோசமான வருஷம். பிப்ரவரில மக பெஸ்ஸி டைஃபாய்டுல செத்துட்டா, 20 வயசு. மே மாசம் லண்டன் கவுண்டின்னு கிரிஸ்டல் பேலஸ்ல புதுசா ஆரம்பிச்ச கிளப்புக்கு மேனேஜரா சம்பளத்துக்குப் போனதுல கிளஸ்டர்ஷயர் கமிட்டியோட முட்டிக்கிச்சு, கமிட்டி மேல இருக்கிற வெறுப்ப அப்படியே எழுதி ராஜினாமா குடுத்துட்டாரு. ஜூன் ஆரம்பத்துல டிரெண்ட் பிரிட்ஜ் டெஸ்ட். பேட்டிங் பிரச்சினை இல்ல, குனிஞ்சு பந்தெடுக்கத்தான் முடியல, கூட்டம் கூவிச்சு. அடுத்த டெஸ்டுக்கு செலக்ஷன் மீட்டிங், கூட ஆடற பேட்ஸ்மேன் சி.பி. ஃப்ரை கொஞ்சம் லேட்டா உள்ள நுழையறாரு. உக்காரக்கூட இல்ல, பேட்ஸ்மேன் மெக்லாரன் ஆடணுமா வேணாமா சொல்லுன்னு கிரேஸ் கேக்கறாரு. ஃப்ரை யோசிக்காம ஆடணும்னாரு. அவ்ளோதான் முடிஞ்சதுன்னாரு கிரேஸ். கிரேஸுக்குப் பதிலாத்தான் மெக்லாரன்ங்கறது ஃப்ரைக்கு அப்புறம்தான் உறைச்சது. 50 வயசு 320 நாள், கடைசி டெஸ்ட். அதே மேட்ச்லதான் ஆஸ்திரேலியாவோட விக்டர் ட்ரம்பரும் இங்கிலாந்தோட வில்ஃப்ரெட் ரோட்ஸும் அறிமுகம், ரோட்ஸ் அப்புறம் 1930 வரைக்கும் ஆடினாரு.

பெயில்ஸ் கதையும் கேக்காம விடமாட்டீங்க. போல்டானதும் பெயில்ஸ எடுத்து வெச்சு இன்னிக்கு காத்து ஜாஸ்தின்னாருங்கறது. எந்த ஊரு, எந்த பவுலர்னு ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க, அதுலயே தெரியலையா? டிக்கெட் ஆறு பென்ஸ், கிரேஸ் ஆடினா ஒரு ஷில்லிங்னு போர்டு வெச்சாங்கங்கறதும் அந்த வகைதான், ஆனா அதை மட்டும் நான் நம்பறேன்.

மூத்த மகன் 1905ல அப்பெண்டிசைடிஸ்ல போனான். கிரேஸ் ஃபர்ஸ்ட் கிளாஸ் ஆட்டத்த 1908ல விட்டாரு, கிளப் ஆட்டத்த விடல. 1914 ஜூலைல எல்தம் கிளப்புக்கு 66 வயசுல நாட் அவுட் 69, அதோட சரி. போர் வந்ததும், வாலிபப் பசங்க மைதானத்துல நிக்கறது நல்லா இல்ல, மேட்ச்ச நிறுத்துங்கன்னு ஸ்போர்ட்ஸ்மேன் பத்திரிகைக்கு ஆகஸ்ட்ல கடிதம் எழுதினாரு. 1915 அக்டோபர் 23ல கென்ட்ல மாட்டிங்ஹாம் வீட்டுல செத்தாரு.

1923ல லார்ட்ஸ்ல அவர் பேருல வாசல் கட்டினாங்க. என்ன எழுதறதுன்னு லத்தீன், கிரேக்கம்னு ஏகப்பட்ட யோசனை வந்து, கடைசில பழைய இங்கிலாந்து கேப்டன் ஸ்டேன்லி ஜாக்சன் சொன்னத செதுக்கினாங்க: பேரு, வருஷம், மாபெரும் கிரிக்கெட்டர். மிஸ்டர் போடல.